பாக்குவெட்டியும் துப்பாக்கிப் பெட்டியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போது படிக்க வேண்டாம், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 1996-இல் எட்டாம் வகுப்பு முடித்த ஒருவன் விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஒரு செய்தி போட்டிருந்தான். "டீச்சர், பெல்ட்டைக் கழட்டு, ஷூவைக் கழட்டு, பையைத் திற என்கிறார்கள். நாங்கள் என்ன திருடர்களா?" என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன், "பயணிகள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் எவன் விமானத்தைக் கடத்துவான்?" என்று எழுதினான். அதற்கு ஏகப்பட்ட கைத்தட்டல் பொம்மைகள். விளையாட்டாகத்தான் எழுதினான், எனக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டு கேள்வியும் 50 வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நிஜமாகவே விவாதித்த கேள்விகள். வகுப்பில் 'இதை அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்ட பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கதை.

2023-இல் மகளைப் பார்க்க அமெரிக்கா போனேன். எங்கள் அம்மாவின் பாக்குவெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. இரும்பு அலகு, பித்தளைப் பிடி. அம்மா போன பிறகு அந்த வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். "ஆச்சி ஞாபகமாக எனக்கு அதைத் தாங்கம்மா" என்று மகள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி தொலைந்துபோனாலும் இது தொலையக்கூடாது என்று நினைத்து, மிகவும் புத்திசாலித்தனமாக அதைக் கைப்பையில் வைத்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். என் மகன் வயதுப் பையன்தான். "அம்மா, இதைக் கையில் கொண்டுபோக முடியாது. பெட்டியில் போட்டிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம்" என்றான் மரியாதையாக. பெட்டி அதற்குள் உள்ளே போய்விட்டது. வழியனுப்ப வந்த தம்பி ஊருக்குக் கிளம்பிவிட்டான். கொடுத்து வைக்க ஆளில்லை. அங்கே இருந்த தொட்டியில் அம்மாவின் பாக்குவெட்டியை நானே போட்டுவிட்டு நடந்தேன். விமானத்தில் தூக்கம் வரவில்லை. இரண்டு விரல் அகலப் பாக்குவெட்டியைக் கொண்டு இந்தக் கிழவி என்ன செய்துவிடுவாள் என்று அவ்வளவு கோபம்.

மூன்று வாரம் கழித்து அட்லாண்டாவிலிருந்து மகள் குடும்பத்தோடு ஒரு உள்நாட்டு விமானத்தில் போனோம். கவுன்டரில் எங்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு நீளமான கனத்த பெட்டியைத் தூக்கி வைத்து, காப்பி வேண்டும் என்று சொல்கிற மாதிரி, உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்றார். கவுன்டர் பெண் முகம் மாறவில்லை. ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள், அவர் கையெழுத்துப் போட்டார், பெட்டியைப் பூட்டினார், சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். மான் வேட்டைக்குப் போகிறவராக இருக்கும் என்றார் மாப்பிள்ளை.

என் பேத்திக்கு ஒன்பது வயது. "ஆச்சி, அவர் துப்பாக்கியே கொண்டுபோகிறார். உங்கள் பாக்குவெட்டியை மட்டும் ஏன் விடவில்லை?" என்று கேட்டாள். 34 வருடம் பாடம் நடத்தினவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்துப் படித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் விமானம் ஏறுவது நம் ஊர் டவுன் பஸ் ஏறுவது போலத்தான் இருந்தது. டிக்கெட் இருந்தால் போதும், பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் விமானத்துக்குப் பக்கம் வரை போவார்கள். அமெரிக்காவில் சில விமானிகளே துப்பாக்கி வைத்திருந்தார்கள். தபால் மூட்டைகளை ஏற்றிச் சென்ற நாட்களில், அதைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்ற வந்த பழக்கம் அது.

1954 ஜூலை 6-ஆம் தேதி கிளீவ்லாந்து நகரில் நின்றுகொண்டிருந்த ஒரு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் ஒரு பையன் துப்பாக்கியோடு நுழைந்தான். நேராக விமானி அறைக்குப் போய், மெக்சிகோவுக்கு ஓட்டு என்று மிரட்டினான். விமானி தன் பையில் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். பையன் இறந்துபோனான். வயது 15. பிறகு பார்த்தால் அவன் கையில் இருந்த துப்பாக்கியில் குண்டே இல்லை.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 15 வயது என்றால் நம் பள்ளியில் எட்டாவது முடித்து, டவுன் பள்ளியில் பத்தாவது படிக்கப்போன பிள்ளையின் வயது. விமானியையும் குறை சொல்ல முடியாது. குண்டு இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் அத்தனை பயணிகளின் உயிர் இருக்கிறது. அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு துப்பாக்கிகள் வந்து சேர்ந்ததுதான் வினை.

அப்போதும் பயணிகளைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

1961 மே 1-ஆம் தேதி ஃபுளோரிடாவில் மாரத்தான் என்ற ஊரிலிருந்து கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸ் விமானத்தை ஒருவர் கத்தியையும் துப்பாக்கியையும் காட்டி கியூபாவுக்குத் திருப்பினார். டிக்கெட்டில் அவர் கொடுத்திருந்த பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள். கோஃப்ரேசி என்ற பழைய கடற்கொள்ளைக்காரனின் பெயர்! கொள்ளைக்காரன் என்று எழுதிக் கொடுத்தே ஏறியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கியூபாவுக்குக் கடத்தப்பட்ட முதல் பயணி விமானம் அது.

அந்தக் கோடையில் இன்னும் சில கடத்தல் முயற்சிகள் நடந்தன. அதே வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். விமானக் கடத்தலுக்குக் குறைந்தது 20 வருடச் சிறை, அதிகபட்சம் மரண தண்டனை. ஆயுதத்தை மறைத்துக்கொண்டு விமானம் ஏறுவதும் குற்றம் ஆனது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் யார் மறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் போடவில்லை. காப்பி அடித்தால் டி.சி. கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, தேர்வு அறையில் கண்காணிப்பாளரே இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

1964 மே 7-ஆம் தேதி ரீனோ நகரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போன பசிபிக் ஏர்லைன்ஸ் விமானம் 773 மலையில் விழுந்து 44 பேரும் இறந்தார்கள். இடிபாடுகளில் ஒரு ரிவால்வர் கிடைத்தது. கடனும் குடும்பக் கஷ்டமுமாக வாழ்க்கை வெறுத்த ஒரு பயணி, விமானிகள் இருவரையும் சுட்டுவிட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. புறப்படுவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் சிலரிடம் அந்தத் துப்பாக்கியைக் காட்டியும் இருக்கிறார், சாகப்போகிறேன் என்று சொல்லியும் இருக்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பறக்கும்போது விமானி அறைக் கதவைப் பூட்டியே வைக்க வேண்டும் என்ற விதி அந்த வருடம் ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. கதவைப் பூட்டினார்களே தவிர, பையைத் திறந்து பார்க்க அப்போதும் மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை? மக்களின் மனநிலை எப்படி இருந்தது என்று புரிந்துகொண்டால்தான் வரலாறு புரியும்.

1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் சம்பவங்கள் நடந்தன. சில வாரங்களில் ஒன்றுக்கு மேல். பெரும்பாலும் கியூபாவுக்குத்தான். ஹவானாவில் இறக்கிவிட்டு, பயணிகளுக்குச் சாப்பாடு போட்டு, அடுத்த நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உயிர்ச்சேதம் குறைவு. அதனால் கடத்தல் ஒரு நகைச்சுவை ஆகிவிட்டது. நம் ஊரில் பஸ் பிரேக்டவுன் ஆனால் எப்படிச் சலித்துக்கொண்டு இறங்கி நிற்போமோ, அந்த அளவுக்குத்தான் பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

விமான நிறுவனங்களோ, கடத்தல்காரன் கேட்டதைக் கொடுத்துவிடுவது சோதனை போடுவதைவிட மலிவு என்று கணக்குப் போட்டன. எல்லோர் பையையும் சோதித்தால் பயணிகள் அவமானமாக நினைப்பார்கள், ரயிலுக்கும் காருக்கும் போய்விடுவார்கள் என்று பயந்தன. காரணமில்லாமல் ஒருவரின் உடைமையைச் சோதிக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் சொல்கிறது. அதைக் காட்டிக் கேள்வி கேட்டவர்களும் நியாயமானவர்கள்தான்.

அரசுக்கு என்னென்னவோ யோசனைகள் வந்தன. விமானி அறைக்கு வெளியே கீழே திறக்கும் பொறிக்கதவு வைக்கலாம் என்றார்கள். ஃபுளோரிடாவில் ஹவானா விமான நிலையம் போலவே ஒரு பொய் நிலையம் கட்டி அங்கே இறக்கி ஏமாற்றலாம் என்றார்கள். நம் மாணவன் எழுதினானே, பயணிகளுக்கெல்லாம் துப்பாக்கி கொடுங்கள் என்று, அதுவும் வந்தது! 1972-இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற கதாபாத்திரம் இதையேதான் சொல்லும். ஏறும்போது ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி, உன் நகைச்சுவைக்கு 50 வயது!

கடைசியில் 1969-இல் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். கடத்தல்காரர்களின் பொதுவான நடத்தைகளைப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்குப் பொருந்துகிறவரை மட்டும் உலோகம் காட்டும் கருவியால் சோதிப்பது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ்தான் முதலில் ஆரம்பித்தது. மற்றவர்கள் எப்போதும்போல் போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நானும் வகுப்பில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பென்சில் காணாமல் போனால் 'சந்தேகப்படும்படியான' நாலு பேர் பையை மட்டும் பார்ப்பேன். ஒரு தடவை அந்த நாலு பேரில் ஒருவன் அழுதுகொண்டே, "ஏன் டீச்சர் எப்பவும் என் பையையே பார்க்கிறீங்க?" என்று கேட்டான். பென்சில் முதல் பெஞ்சுப் பையன் பையில் இருந்தது. அந்த மாணவன் இந்தப் பதிவைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்காத மன்னிப்பை இப்போது கேட்டுக்கொள்கிறேனப்பா.

பட்டியல் முறையும் அப்படித்தான் தோற்றது. 1972 நவம்பர் 10-ஆம் தேதி அலபாமாவின் பர்மிங்காம் நகரிலிருந்து கிளம்பிய சதர்ன் ஏர்வேஸ் விமானம் 49-இல் மூன்று பேர் துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் கொண்டு ஏறினார்கள். ஒரு கோடி டாலர் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் ஓக் ரிட்ஜ் அணு உலை மீது விமானத்தை மோதுவோம் என்றார்கள். ஊர் ஊராக இறங்கி ஏறி, துணை விமானி குண்டடிபட்டு, ஏறக்குறைய 30 மணி நேரம் கழித்து ஹவானாவில் அந்தக் கொடுமை முடிந்தது. 'அடுத்த நாள் திரும்பி வந்துவிடுவார்கள்' என்ற சிரிப்பு அன்றோடு நின்றது. விமானமே வெடிகுண்டாகலாம் என்று நாட்டுக்குப் புரிந்தது.

ஒரே மாதத்தில் உத்தரவு வந்தது. 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் எல்லா விமானப் பயணிகளுக்கும் சோதனை, எல்லாக் கைப்பைக்கும் சோதனை. விமான நிறுவனங்கள் பயந்தபடி மக்கள் ஓடிப்போனார்களா? இல்லை. கொஞ்சம் முணுமுணுத்தார்கள், வரிசையில் நின்றார்கள், பழகிவிட்டார்கள். அடுத்த மாதமே கியூபாவோடும் கடத்தல்காரர்களைத் தண்டிப்பது பற்றி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்த வருடம் அமெரிக்காவில் நடந்த கடத்தல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

துப்பாக்கிப் பெட்டிக் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாக நினைக்கும் நாடு அது. 1791-இலேயே அவர்கள் அரசியல் சட்டத்தில் சேர்ந்த விஷயம். வேட்டைக்காரர், விளையாட்டு வீரர், வீடு மாறிப் போகிறவர் எல்லோரும் விமானத்தில்தான் போகிறார்கள். அதனால் துப்பாக்கி பறப்பதை அவர்கள் தடுக்கவில்லை. பறக்கும்போது அது யார் கைக்கும் எட்டக்கூடாது என்றார்கள். குண்டுகளை எடுத்துவிட வேண்டும், கெட்டியான பெட்டியில் பூட்ட வேண்டும், கவுன்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சரக்கு அறைக்குள்தான் போக வேண்டும். இதுதான் இன்றும் விதி.

நம் நாட்டுக்கு வருவோம்.

1971 ஜனவரி 30-ஆம் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் போன 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். அவர்கள் கையில் இருந்தது பொய்த் துப்பாக்கி, மரத்தால் செய்த கையெறி குண்டு. விமானத்தை அங்கே எரித்துவிட்டார்கள். அதற்குப் பதிலடியாக இந்தியா தன் வான்வழியை பாகிஸ்தானுக்கு மூடியது. மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போகும் விமானங்கள் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வங்கதேசப் போர் வந்த அந்த வருடத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

1978 டிசம்பர் 20-ஆம் தேதி லக்னோவிலிருந்து டெல்லி போன விமானத்தை இருவர் கடத்தினார்கள். சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அவர்கள் ஆயுதம் ஒரு பொம்மைத் துப்பாக்கி, துணியில் சுற்றிய ஒரு கிரிக்கெட் பந்து! விமானம் வாரணாசியில் இறங்கியது, அடுத்த நாள் சரணடைந்தார்கள். பிறகு வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. 1980-இல் இருவரும் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். இது கட்சி பேசுவதற்காகச் சொல்லவில்லை. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கடத்தலை மக்கள் எவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பொம்மைத் துப்பாக்கியைக்கூட ஏன் கைப்பையில் விடுவதில்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இந்த இரண்டு கதையையும் சொல்லுங்கள். பயம் பொம்மைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

1982-இல் நமக்குக் கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 24-ஆம் தேதி காத்மாண்டுவிலிருந்து வந்த ஐ.சி. 814 கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வாரம் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் பாதுகாப்பு போனது. இப்போது இருப்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம்.

துப்பாக்கி விஷயத்தில் நம் விதியும் ஏறக்குறைய அதேதான். உரிமம் வேண்டும், முன்கூட்டிச் சொல்ல வேண்டும், குண்டு இல்லாமல் பெட்டிக்குள் போக வேண்டும். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகும் நம் வீரர்கள் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள். தோட்டாக்கள் ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகம் முழுதும் உள்ள விமானச் சரக்கு விதி.

ஆனால் ஒரு இடத்தில் நாம் வேறு மாதிரி. கிர்பான் அணிவது சீக்கியர்களின் மத உரிமை என்று நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சொல்கிறது. 1981-இல் ஒரு விமானம் கிர்பானைக் காட்டித்தான் லாகூருக்குக் கடத்தப்பட்டது. அப்படியும் உள்நாட்டு விமானங்களில் 6 அங்குல அலகு, மொத்தம் 9 அங்குலத்துக்கு மேல் போகாத கிர்பானுக்கு இன்று அனுமதி உண்டு. ஒருவன் தப்பு செய்ததால் எல்லோர் உரிமையையும் பறிக்கவில்லை, அளவு போட்டார்கள். விதி என்பது ஒரு சமூகம் தன் பயத்தையும் தன் மதிப்பையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்ப்பது. நாட்டுக்கு நாடு தராசு வேறாக இருக்கும்.

இனி கடைசிப் பகுதி. விதி எங்கெங்கே ஓட்டை விழுந்தது என்று பார்ப்போம்.

1987 டிசம்பர் 7. கலிஃபோர்னியாவில் பி.எஸ்.ஏ. விமானம் 1771. சிறு தொகை திருடியதாக வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு விமான நிறுவன ஊழியர், தன்னை நீக்கிய மேலாளர் பயணம் செய்த அதே விமானத்தில் ஏறினார். ஊழியர்களுக்குச் சோதனை இல்லை, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அட்டை அவரிடமிருந்து திரும்ப வாங்கப்படவில்லை. அவரிடம் ரிவால்வர் இருந்தது. 43 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஊழியர்களும் விமானிகளும்கூடச் சோதனைக்குள் வந்தார்கள். "நான் இங்கே வேலை செய்கிறேன், என்னையா சோதிக்கிறாய்?" என்று கேட்க முடியாது என்பது 43 உயிர் கொடுத்து வாங்கிய பாடம்.

2001 செப்டம்பர் 11 பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் துப்பாக்கி இல்லை, சிறிய கத்திகள்தான். 4 அங்குலத்துக்குக் குறைவான கத்திக்கு அப்போது அங்கே அனுமதி இருந்தது. என் பாக்குவெட்டியைத் தடுத்தது அந்த நாள் தந்த பயம் என்று இப்போது புரிகிறது. அதற்குப் பின் ஒரு விசித்திரம் நடந்தது. 2002-இல் வந்த சட்டப்படி, பயிற்சி பெற்று விருப்பப்படும் அமெரிக்க விமானிகள் 2003-இலிருந்து மீண்டும் துப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். 1954-க்கே திரும்பிப் போனது மாதிரி. ஆனால் இப்போது பூட்டிய உறுதியான கதவுக்குப் பின்னால்.

2017 ஜனவரி 6-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் நடந்தது என்னை மிகவும் வருத்தியது. அலாஸ்காவிலிருந்து வந்த ஒரு முன்னாள் ராணுவ வீரர். எல்லா விதியையும் பின்பற்றித் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி, சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அவர் கொண்டுவந்த ஒரே பெட்டி அதுதான். இறங்கி, பெட்டியை வாங்கி, கழிப்பறைக்குப் போய்க் குண்டு போட்டுக்கொண்டு வெளியே வந்து, பெட்டிக்காகக் காத்திருந்தவர்களைச் சுட்டார். 5 பேர் இறந்தார்கள். இதற்கு இரண்டு மாதம் முன்னால் அவரே காவல் துறையினரிடம் போய், மனம் சரியில்லை, குரல்கள் கேட்கின்றன என்று சொல்லியிருக்கிறார். அப்போது வாங்கி வைத்த துப்பாக்கியைப் பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 1964-இல் ஒருவர் துப்பாக்கியைக் காட்டிச் சாகப்போகிறேன் என்றார், 2017-இல் ஒருவர் தானே வந்து மனம் சரியில்லை என்றார். நடுவில் 53 வருடம். பூட்டும் கருவியும் எவ்வளவோ முன்னேறின. சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதில் நாம் அந்த அளவு முன்னேறவில்லை.

ஒரு கணக்கும் சொல்கிறேன். அமெரிக்கச் சோதனைச் சாவடிகளில் கைப்பையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 2010-இல் 1,123. 2023-இல் 6,737. அதில் 100-க்கு 93-இல் குண்டு போட்டிருந்தது. அட்லாண்டா நிலையத்தில் மட்டும் அந்த வருடம் 451. 2021 நவம்பரில் அதே அட்லாண்டாவில் சோதனையின்போது ஒரு பயணியின் பையிலிருந்த துப்பாக்கி வெடித்து, கூட்டம் சிதறி ஓடியது. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "பையில் இருந்தது மறந்துவிட்டது". உச்ச அபராதத்தை 2022 கடைசியில் 14,950 டாலராக உயர்த்தினார்கள். இவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. வீட்டுச் சாவி மாதிரி துப்பாக்கி பையில் கிடக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது முதல் மாணவன் கேள்விக்கு வருகிறேன். "நாங்கள் என்ன திருடர்களா?"

இல்லையப்பா. எல்லோரையும் சோதிப்பதால்தான் நீ திருடன் இல்லை. உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சோதித்தால் அது அவமானம். மந்திரிக்கும் விமானிக்கும் உனக்கும் எனக்கும் ஒரே வாசல் என்றால், அதில் நுழைவதில் அவமானம் ஒன்றும் இல்லை. பட்டியல் போட்டு முகம் பார்த்துச் சோதித்த காலம் 1969 முதல் 1972 வரை. அதைவிட இது எவ்வளவோ கௌரவம். அந்த நாலு பேரில் ஒருவனாக அழுத என் மாணவனைக் கேள், சொல்வான்.

இரண்டாவது மாணவனுக்கு: 1954-இல் ஒரு சின்ன அறைக்குள் இரண்டே துப்பாக்கி. ஒன்றில் குண்டுகூட இல்லை. அதற்கே ஒரு குழந்தை போயிற்று. 180 பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 180 துப்பாக்கியை நினைத்துப் பார்.

என் பேத்திக்குச் சொன்ன பதில் இது: "அவர் துப்பாக்கிக்கும் ஆச்சி பாக்குவெட்டிக்கும் ஒரே விதிதான் கண்ணு. அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு பெட்டியில் போட்டார். ஆச்சி கேட்கவில்லை, கைப்பையில் போட்டேன்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ தப்பு உங்க மேலதானா?" என்றாள். ஆமாம் என்றேன். 34 வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒத்துக்கொள்ள வைத்ததில்லை.

அம்மாவின் பாக்குவெட்டி இனி வராது. அந்தப் பையன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. எவ்வளவு உயிர் போன பிறகு எழுதிய விதியை அவன் என்னிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னான்! அடுத்த முறை நீங்கள் சோதனையில் நிற்கும்போது, எதிரே நிற்பவரைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

வீட்டுப்பாடம்: உங்கள் கைப்பையிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட பொருள் எது, அது யாருடையது என்று கீழே எழுதுங்கள். கத்தரிக்கோலோ, அப்பாவின் சவரக் கத்தியோ, எதுவாக இருந்தாலும் சரி. எல்லோரும் எழுத வேண்டும், கடைசி பெஞ்சும் சேர்த்துத்தான். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். வெற்றிலை இருக்கிறது. பாக்கை மட்டும் கடையிலேயே சீவி வாங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்